நாலு விரல் இறங்கிய கூடு

கல்வராயன் மலையிலிருந்து என்னை ஏற்றி வந்த மரவள்ளிக் கிழங்கு லாரி அடிவாரம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் நின்றுவிட்டது. ரோட்டுக்குக் குறுக்கே ஒரு புளியமரம் கிடந்தது. வெட்டுவாய் இன்னும் ஈரமாக இருந்தது. டிரைவர் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "முடிஞ்சிது. ஒரு வாரத்துக்கு எதுவும் போவாதாம். நீ நடந்துடு" என்றார். கிழங்கு என்ன ஆகும் என்று கேட்டேன். "அழுகிப்போவும். வேற இன்னா ஆவும்?" என்று சொல்லி நிழல் பார்த்துத் துண்டை விரித்தார்.

இட ஒதுக்கீடு கேட்டு வட மாவட்டங்கள் முழுக்கச் சாலை மறியல் நடந்த வருஷம் அது. மலையில் பத்து நாள் இருந்த எனக்குச் செய்தி எதுவும் எட்டவில்லை.

மலைக்கு நான் போனது ஒரு பறவைக்காக. மதுரைப் பக்கம் கல்லூரியில் விலங்கியல் நடத்தும் வாத்தியார் ஒருவர் முக்குளிப்பானைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். ஆஸ்துமாக்காரர், மேடு ஏற முடியாது. ஏழாம் வகுப்போடு நின்றுபோய், உப்பளம், ஓட்டல், லாரி கிளீனர் என்று சுற்றிய நான் அவருக்குப் பை தூக்க வந்து, பிறகு அவருக்குப் பதிலாகப் பார்த்து எழுதிக் கொடுக்கிறவன் ஆனேன். ஒரு பைனாகுலர், விநாடி முள் வைத்த கடிகாரம், கோடு போட்ட நோட்டு. "கூடு எங்க கண்டாலும் சரி, குஞ்சு வெளிய வர்ற வரைக்கும் எந்திரிக்காதே" என்பது அவர் கட்டளை.

மலையில் கூடு இல்லை. சாமைச் சோறு போட்ட வீட்டுக்காரி நான் சொன்ன அடையாளத்தைக் கேட்டுச் சிரித்தாள். "இங்க தண்ணி எங்க நிக்குது? ஓடுற தண்ணியில அது எப்படி வூடு கட்டும்?" வாத்தியாரின் புத்தகங்களில் நாலு பக்கத்துக்கு இருந்தது இந்த இரண்டு வரிதான்.

நடந்தேன். கள்ளக்குறிச்சி வரை போய்விட்டால் ரயில் பிடிக்கும் இடத்துக்கு ஏதாவது வழி கிடைக்கும் என்று நினைப்பு. மைலுக்கு ஓர் இடத்தில் மரம் கிடந்தது. மரத்துக்கு ஒரு கூட்டம். எல்லாக் கூட்டத்திலும் அதே இரண்டு கேள்வி: "எந்த ஊரு? இன்னா ஆளு?" எங்கள் திருநெல்வேலிப் பக்கமும் சாதி கேட்பார்கள். ஆனால் அப்பா பெயர், தெருப் பெயர், குலசாமி என்று சுற்றி வளைத்துத்தான் அங்கே போய்ச் சேருவார்கள். இங்கே நேராக வந்தது, கையில் அரிவாளோடு. முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொன்னேன். இரண்டாவதற்குப் பைனாகுலரைக் காட்டினேன். ஒருவர் வாங்கித் தலைகீழாகப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் தெரியல, போ" என்றார்.

மத்தியானம் ஓர் ஏரிக்கு வந்தேன். ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை. கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, நடந்தால் எட்டு மைல். மலைத் தண்ணீர் வாய்க்காலில் இறங்கி நிறையும் சின்ன ஏரி. ஒரு பார்வையில் அடங்கிவிடும். ரோடு அதன் கரைமேலேயே போகிறது. கரைக்கு உள்பக்கம் தண்ணீர், வெளிப்பக்கம் பள்ளத்தில் காலனி, அதற்குப் பின்னால் நாற்றங்கால்கள்.

கரை நடுவில் இருபது பேர் கடப்பாரையும் மண்வெட்டியுமாக ரோட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஆள் ஆழம் இறங்கியிருந்தது. மேலே நின்று வேலை வாங்கிக்கொண்டிருந்தவர் ஏழுமலை. நாற்பது வயது, ஒன்றரை ஏக்கர் சம்சாரி, தலையில் சிவந்த துண்டு.

"மரம் வெட்டிப் போட்டா போலீசுக்காரனுங்க செயின் கட்டி இழுத்துடுறானுங்க. பள்ளத்த இன்னா பண்ணுவான்? தூக்கிக்கினு போவானா?" என்று என்னிடமே கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

எங்கள் ஊரில் குளத்துக் கரையில் கடப்பாரை வைத்தவன் கையை ஒடிப்பார்கள். அது அப்போது என் நினைவுக்கு வந்தது. வந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. புது ஆள், இருபது பேர், கடப்பாரை. நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

அந்தச் சிரிப்பு அடங்கும் முன்னால் நாணலுக்குள்ளிருந்து இன்னொரு சத்தம் கேட்டது. குதிரைக்குட்டி கனைப்பது மாதிரி, கிலுகிலுவென்று நீண்டு தேய்கிற சத்தம். பத்து நாள் மலையில் தேடியது அது.

கரையோரம் இட்லிக் கடை வைத்திருந்த அஞ்சலை, ஏழுமலையின் மனைவி. மறியலால் கடைக்கு வண்டிக்காரர்கள் வருவது நின்றிருந்தது. "ஒரு வாரம் இங்கியே கிடக்கப் போறியா, குருவிய பாத்துக்கினு?" என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார். "சரி, இட்லி வேணும்னா இருக்குது. மல்லாட்ட சட்னி. உங்க ஊரு மாதிரி தேங்கா எல்லாம் இங்க கெடைக்காது, தெக்கத்தியாரே." மல்லாட்டை என்பது வேர்க்கடலை. முதல் நாள் தொண்டையில் ஒட்டியது. மூன்றாம் நாள் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

கூடு, கரையிலிருந்து ஐம்பதடி உள்ளே, மார்பளவுத் தண்ணீரில். பார்த்தால் கூடு என்று சொல்ல மாட்டீர்கள். அழுகின பாசியும் தண்டுமாக ஒரு குப்பைக் குவியல், மிதந்துகொண்டிருக்கும். நாலைந்து நாணலைச் சேர்த்து வளைத்து அதில் கட்டியிருக்கும். அடியில் ஊன்றல் எதுவும் கிடையாது. தண்ணீர் ஏறினால் கூடும் ஏறும், இறங்கினால் இறங்கும்.

நான் கிட்டே போவதற்குள் பறவை எழுந்து, அலகால் சுற்றிலும் கிடந்த ஈரப் பாசியை நாலைந்து தடவை இழுத்து முட்டைமேல் போட்டுவிட்டுத் தண்ணீருக்குள் சரிந்துவிட்டது. பறந்து போகவில்லை. உடம்பை அப்படியே அமுக்கிக்கொண்டு, சிவந்த கழுத்தும் தலையும் மட்டும் மேலே நிற்கப் பார்த்துக்கொண்டிருந்தது. பாசியை ஒரு விரலால் விலக்கினேன். நாலு முட்டை. இட்ட அன்று வெள்ளையாக இருப்பவை பாசிச் சாயம் ஏறி ஏறிப் பழுப்பாகும். இவை நன்றாகப் பழுத்திருந்தன. ஒரு வாரத்துக்குள் பொரித்துவிடும் என்று கணக்கிட்டு, திரும்ப மூடினேன். கூட்டுக்குப் பக்கத்தில் ஒரு மூங்கில் குச்சியை நட்டு, விரலளவுக்கு ஒரு கோடு கத்தியால் கீறி வைத்தேன். கூடு எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று வாத்தியாருக்கு வேண்டும்.

இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் நாணலோரம் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று எழுதினேன். முங்கினால் பெரும்பாலும் பத்திலிருந்து இருபது விநாடி. முங்கிய இடத்தில் எழாது. ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். கால்கள் உடம்பின் கடைசியில், படகின் துடுப்பு மாதிரி. அதனால் தண்ணீரில் அதை யாரும் பிடிக்க முடியாது, தரையில் யாரும் பிடிக்கலாம். நாலடி நடந்தால் நெஞ்சு குத்தி விழும்.

கரைமேல் நின்றவர்கள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மூன்றாம் நாள் செல்வம் என்ற இளைஞன் கடையில் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தான். பி.ஏ. முடித்து வேலைக்கு மனு மேல் மனு போட்டு உட்கார்ந்திருப்பவன். "அந்தப் பக்கம் துப்பாக்கிச் சூடாம். ஆளுங்க செத்துட்டாங்களாம். நீ இன்னாடான்னா மணி பாத்து எழுதிக்கினு இருக்கற" என்றான். அஞ்சலை, "துன்றப்ப வுடுடா அவர" என்று அதட்டினார். அவன் என் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று சாயங்காலம் மலை கறுத்துப் பெய்தது. காலையில் வாய்க்கால் இரைச்சலோடு ஏரிக்குள் விழுந்துகொண்டிருந்தது. கூடு ஒரு விரலாவது ஏறியிருக்க வேண்டும். போய்ப் பார்த்தேன். முந்தின நாளைவிட இரண்டு விரல் இறங்கியிருந்தது.

குச்சி சரிந்துவிட்டது என்று நினைத்தேன். சரியவில்லை. மத்தியானம் மறுபடி பார்த்தேன். நாலு விரல். கட்டியிருந்த நாணலில் கூட்டின் ஒரு பக்கம் மாட்டிக்கொண்டு, கூடு சாய்ந்து நின்றது. பறவை அந்தச் சாய்வைச் சரிசெய்ய மறுபக்கம் பாசியை இழுத்து இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தது.

தண்ணீர் வருகிறது, மதகு மூடியிருக்கிறது, ஏரி இறங்குகிறது. நான் கரையை விட்டுக் கீழிறங்கி முனியனைத் தேடிப் போனேன்.

முனியன் அந்த ஏரியின் நீர்கட்டி. மதகைத் திறந்து வயலுக்கு வயல் தண்ணீர் பிரித்துவிடுகிறவர். என் வயதுக்காரர். வீடு காலனியில், கரைக்கு நேர் கீழே. மறியல் தொடங்கியதிலிருந்து காலனிக்காரர்கள் கரைப் பக்கம் ஏறவில்லை. வேறு ஊர்களில் குடிசைகள் எரிந்ததாகப் பேச்சு வந்திருந்தது.

நான் சொன்னதைக் கேட்டதும் அவர் கரையடியில் வேலிக்கருவைப் புதருக்குள் நுழைந்தார். நானும் பின்னால் போனேன். உள்ளே ஓடை மாதிரி தண்ணீர் போய்க்கொண்டிருந்தது, இரண்டு மோட்டார் இறைக்கிற அளவுக்கு. யாரும் வராத புதர் என்பதால் யார் கண்ணிலும் படவில்லை. முனியன் குனிந்து இரண்டு கையாலும் அள்ளிப் பார்த்தார். செம்மண் கலங்கல்.

"தெளிஞ்ச கசிவு வந்தா பயமில்லீங்க. எல்லாக் கரையும் கசியும். கலங்கி வருதுன்னா உள்ளார மண்ண அரிச்சுக்கினு வருது." நிமிர்ந்து நேர் மேலே பார்த்தார். மறியல் பள்ளம் சரியாக அங்கேதான் இருந்தது. "இன்னொரு மழை பேஞ்சா போதும். மொதல்ல எங்க வூடுங்க, அப்பறம் அவங்க நாத்து."

"போய்ச் சொல்லுங்க" என்றேன்.

"நான் சொன்னா, மறியல ஒடைக்க வந்துட்டான்னு சொல்லுவாங்க. நீங்க சொல்லுங்க."

"என்னை போலீஸ் ஆள்னு நினைக்காங்க."

"தெரியும்" என்றார் முனியன். "நாங்களும் அப்பிடித்தான் நெனச்சிக்கினு இருந்தோம்."

நான் கரையேறினேன். முனியன் பத்தடி தள்ளிப் பின்னாலேயே வந்தார். கூட்டத்தில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் செல்வம் நோட்டைப் பிடுங்கிவிட்டான். உரக்கப் படித்தான்: "எட்டு பத்துக்கு முங்கியது. பதினெட்டு விநாடியில் எழுந்தது. எட்டு இருபத்தஞ்சு, ஆண் வந்தது. பெண் மூடிவிட்டுப் போனது." நிமிர்ந்தான். "யார்ரா ஆணு? யார்ரா பொண்ணு? எத்த மூடிட்டுப் போனாங்க?" அறை விழுந்தது. காதுக்குள் வாய்க்கால் இரைகிற மாதிரி இருந்தது. இன்னொருவர் சட்டையைப் பிடித்தார்.

"கடைசிப் பக்கம் பாருங்க" என்று மட்டும் சொன்னேன்.

ஏழுமலை நோட்டை வாங்கினார். மெதுவாக, விரல் வைத்து வாசித்தார். "மலையில் மழை. வாய்க்கால் வருகிறது. கூடு இரண்டு விரல் கீழே. மத்தியானம் நாலு விரல் கீழே." மறுபடி வாசித்தார். பிறகு தண்ணீரைப் பார்த்தார். ஏரிக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர். நாலு நாளாக அவர் பார்த்தது ரோட்டை மட்டும்தான்.

"மதகு எவனோ தெறந்திருக்கான்" என்று ஒருவர் முனியனைக் காட்டினார். ஏழுமலை மதகுக்குப் போனார். வெளிவாய் காய்ந்து கிடந்தது. திரும்பி வந்து பள்ளத்துக்குள் குதித்தார். அடிமண் சொதசொதவென்று இருந்தது. தண்ணீர்ப் பக்கச் சுவரில் நண்டு வளை அளவுக்கு ஓர் ஓட்டை. அதில் தண்ணீர் கொப்பளித்து வந்து, எதிர்ச் சுவரில் இன்னொரு ஓட்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் அதில் கையை விட்டார். முழங்கை வரை போனது.

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"மூடுனா ரோடு தெறந்த மாதிரி ஆயிடும்ணே" என்றான் செல்வம். அவன் குரல் உடைந்துவிட்டது. "செத்தவங்களுக்கு இன்னா பதில் சொல்லுவோம்? எல்லா ஊரும் மறிச்சிக்கினு இருக்குது, நாம மட்டும் வழி வுடறதா?"

"ரோட்ட நாளைக்கு மறுபடியும் மறிக்கலாம்டா" என்றார் ஏழுமலை பள்ளத்துக்குள்ளிருந்து. "ஏரிய எத்தக் கொண்டு மறிப்ப?" முனியன் பக்கம் திரும்பினார். "எத்தினி பேரு இருக்கீங்க கீழ?"

"வர்றோம்" என்றார் முனியன்.

சாயங்காலம் வரை வேலை நடந்தது. ஓட்டையில் வைக்கோல் பிரியைத் திணித்தார்கள். உர மூட்டைப் பையில் களிமண் நிரப்பி அடுக்கி, மேலே மண் தள்ளி மிதித்தார்கள். ஊர்க்காரர்களும் காலனிக்காரர்களும் ஒரே பள்ளத்தில் தோளோடு தோள் நின்றார்கள். குடிக்கத் தண்ணீர் வந்தபோது இரண்டு குடமாகத்தான் வந்தது. நான் எந்தக் குடத்தில் குடிப்பேன் என்று இரண்டு பக்கமும் பார்த்தார்கள். ஏரியில் குனிந்து குடித்துவிட்டேன்.

மூடின பள்ளத்துக்கு மேல் ஒரு வேப்பமரத்தை வெட்டிப் போட்டார்கள். செயினுக்கு அது எத்தனை நேரம் தாங்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

இருட்டும் முன் ஏழுமலை என்னோடு தண்ணீருக்குள் வந்தார். மாட்டியிருந்த நாணலிலிருந்து கூட்டின் அந்தப் பக்கத்தை விடுவித்து நிமிர்த்தினேன். பாசியை விலக்கி முட்டையைக் காட்டினேன். "இவ்ளோண்டு" என்றார். ஒன்றின் முனையில் மயிரிழை மாதிரி கீறல் விட்டிருந்தது. "உள்ளாற தட்டிக்கினு இருக்குதா?" என்று கேட்டுக் காதைக் கிட்டே கொண்டுபோனார்.

ஐந்தாம் நாள் விடிந்து வெளிச்சம் வந்ததும் போலீஸ் லாரிகள் வந்தன. நான் கூட்டுப் பக்கம் மார்பளவுத் தண்ணீரில் நின்றிருந்தேன். வேப்பமரம் செயினில் கட்டி இழுபட்டு ஓரத்துக்குப் போனது. லாரிகள் மூடின பள்ளத்தின் மேல் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி வந்தன. ஆட்கள் வயலில் சிதறி ஓடினார்கள். ஏழுமலை ஓடவில்லை. செல்வத்தின் முதுகில் கைவைத்து, "ஓட்றா" என்று தள்ளியதைப் பைனாகுலரில் பார்த்தேன். அவனையும் பிடித்தார்கள். மொத்தம் பதினோரு பேர்.

பக்கத்தில் முக்குளிப்பான் பாசியை இழுத்து மூடிவிட்டுத் தண்ணீரில் அமுங்கி, தலையை மட்டும் வைத்துக்கொண்டிருந்தது. நானும் கழுத்தளவுக்கு உட்கார்ந்தேன். லாரிகள் போகிற வரை எழுந்திருக்கவில்லை. அதை எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்.

கரையேறியபோது அஞ்சலை கடை வாசலில் நின்றார். அழவில்லை. "பள்ளத்த மூடச் சொன்னது நீ. அவனுங்க வந்தது அது மேலதான். போனது எங்க வூட்டு ஆளு" என்றார். அடுப்பு மூட்டாமல் கிடந்தது. பையை எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று தோன்றியது. ஆனால் கூட்டில் முட்டை கீறல் விட்டிருந்தது. இரண்டு நாள் வாய்க்கால் தண்ணீரும் பச்சை மல்லாட்டையுமாகக் கரையிலேயே கிடந்தேன்.

ஏழாம் நாள் காலையில் கூடு காலியாக இருந்தது. ஒரு முட்டை மட்டும் கிடந்தது, கூமுட்டை. தாய்ப்பறவை வெளித் தண்ணீரில் நின்றது. அதன் முதுகுச் சிறகுக்குள்ளிருந்து கோடு கோடாக மூன்று தலைகள் நீட்டிக்கொண்டிருந்தன. ஆண்பறவை தன் நெஞ்சிலிருந்தே ஓர் இறகைப் பிடுங்கி ஒரு தலைக்கு ஊட்டியது. எதற்காக இறகு ஊட்டுகிறது என்று வாத்தியாருக்கும் தெரியாது. மணி பார்த்து எழுதினேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. சொல்வதற்குக் கரைமேல் அஞ்சலையைத் தவிர ஆள் இல்லை.

கேட்டுவிட்டுக் கடைக்குள் போய் வந்தார். பிறகு, "அன்னிக்கி வூட்டுக்கு வந்து அந்த முட்டையப் பத்தியே பேசிக்கினு இருந்தாரு. இன்னிக்கி கள்ளக்குறிச்சி கோர்ட்டுக்கு இட்டாராங்களாம். நான் போனா நாத்த யாரு பாக்கறது? நீ போயி சொல்லு. நாத்து எப்ப பறிக்கறது, மதகு எத்தினி தெறக்கறதுன்னு கேட்டுக்கினு வா" என்று துணியில் கட்டிய இட்லியை நீட்டினார். எனக்கா, அவருக்கா என்று சொல்லவில்லை.

எட்டு மைல் நடந்தேன். கோர்ட் வாசலில் திருவிழாக் கூட்டம். ஊர் ஊராகப் பிடித்தவர்களை வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். ஏழுமலையின் கீழுதடு கிழிந்திருந்தது. பக்கத்தில் செல்வம், என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"ஏரி?" என்றார் ஏழுமலை.

"நிக்குது."

"குருவி?"

"மூணு. ஒண்ணு கூமுட்டை."

"நாலுல மூணா." உதட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இட்லியை வாங்கிச் செல்வத்திடம் பாதி கொடுத்தார். அஞ்சலை கேட்டதைச் சொன்னேன். யோசித்தார். "நாத்து வெள்ளிக்கெழம பறிக்கச் சொல்லு. மதகு ரெண்டு திருகு போதும், முனியன்கிட்ட சொல்லு. ஜாஸ்தி தெறந்தா தண்ணி சட்டுனு கம்மி ஆயிடும். அந்தக் குஞ்சுங்களுக்குத் தரையில நடக்க வராதுன்னு சொன்னியே." போலீஸ்காரர் என்னை நகரச் சொன்னார். "எழுதிக்கோ, மறந்துடுவ" என்றார் ஏழுமலை. நோட்டை எடுத்தேன். செல்வம் அப்போதுதான் திரும்பி, நான் எழுதுவதைப் பார்த்தான்.

திரும்பி வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பள்ளம் மூடிய இடத்தில் லாரி டயர் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்திருந்தன. கால் வைத்து மிதித்துப் பார்த்தேன். நாங்கள் சாயங்காலம் வரை மிதித்தும் இறுகாத மண், கல்லாக இறுகியிருந்தது.

கரையடியில் முனியன் நின்றிருந்தார். இரண்டு திருகு என்று சொன்னேன். தலையாட்டிவிட்டு, புதருக்குள் கையை நீட்டிக் கொஞ்சம் தண்ணீரை அள்ளி என்னிடம் காட்டினார். உள்ளங்கை ரேகை தெரிந்தது.